இழுப்பவருக்கு வியர்க்கும், இருப்பவருக்கு விறைக்கும்

போன வாரம் ஸ்கீ கட்டைகளுக்கு மெழுகு பூசும் கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "பனியில் கூடாரம் போட்டுத் தங்குகிறோம் என்கிறீர்களே, அந்தக் கூடாரம், படுக்கை, ஸ்டவ், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் யார் தூக்குவது? கூலிக்கு ஆள் கிடைக்குமா?"

கிடைக்காது. நார்வேயில் வீடு மாற்றும்போதுகூட பீரோவை நாமேதான் தூக்க வேண்டும். ஆனால் பனிக்காலத்தில் இங்கே யாரும் அவ்வளவு மூட்டையையும் முதுகில் சுமப்பதில்லை. இழுக்கிறார்கள். அந்த இழுவை வண்டிக்குப் பெயர் 'புல்க்'.

சக்கரமில்லாத, தொட்டி மாதிரியான ஒரு வண்டி. முன்பக்கம் படகு போல வளைந்து மேலே எழும்பியிருக்கும். இரண்டு நீளக் கம்புகள் அதிலிருந்து வந்து நம் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும். நாம் ஸ்கீயில் முன்னே போக, அது பின்னாலேயே வரும். சொல்லப்போனால், மாட்டு வண்டியில் மாடு இருக்கும் இடத்தில் நாம்.

இந்த வண்டியின் தாய்வீடு, ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் கலைமான் மேய்த்து வாழ்ந்த சாமி மக்களுடையது. அவர்களுடைய பழைய வண்டி நிஜமாகவே ஒரு குட்டிப் படகு போலத்தான் இருக்கும். அடியில் ஒற்றைத் தண்டு, முன்னால் ஒற்றைக் கலைமான், உள்ளே ஓர் ஆள் அல்லது ஒரு சுமை. அந்த வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. புதுப்பனி என்பது தரை அல்ல, பாதி தண்ணீர் மாதிரி. அதன் மேல் சக்கரம் புதையும், படகு மிதக்கும்.

நார்வேக்காரர்களுக்கு இழுவை வண்டி என்றால் ஒரு தனிப் பெருமை உண்டு. 1888-ல் ஃபிரிட்யோஃப் நான்சன் தன்னோடு ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்தார். அந்த ஐந்து பேரில் இருவர் சாமி இனத்தவர். வண்டிகளை அவர்களே இழுத்தார்கள். காற்று சாதகமாக அடித்தபோது வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, பாய்மரம் விரித்து, நிலத்திலேயே கப்பல் ஓட்டியிருக்கிறார்கள்! 1911-ல் தென்துருவத்துக்குப் போன அமுண்ட்சன் குழுவில் ஓலாவ் ப்யோலாண்ட் என்ற தச்சுவேலை தெரிந்த ஸ்கீ வீரர் இருந்தார். கிளம்புவதற்கு முன் அந்த நீண்ட குளிர்காலம் முழுக்க அவர் உட்கார்ந்து வண்டிகளை இழைத்து இழைத்து, எடையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டார். அதே பருவத்தில் துருவத்துக்குப் போன ஆங்கிலேயர் ஸ்காட்டின் குழு, திரும்பும் வழி முழுக்கத் தாங்களே வண்டியை இழுத்து வந்து, வழியிலேயே உயிரிழந்தது. அவர்களுடைய வண்டியில் சுமார் 16 கிலோ பாறை மாதிரிகள் கடைசிவரை இருந்தன.

நம் பெண்மணிகளுக்காக இன்னொன்று. 1994-ல் லிவ் ஆர்னேசன் என்ற நார்வே ஆசிரியை தன்னந்தனியாக வண்டி இழுத்து, சுமார் 1,200 கிலோமீட்டர் பனியில் 50 நாள் நடந்து, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தென்துருவத்தை அடைந்தார். தனியாக அங்கே போய்ச் சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

சரி, நாம் துருவத்துக்குப் போகப் போவதில்லை. ஓஸ்லோ மெட்ரோவின் ஒன்றாம் நம்பர் ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷனான ஃப்ரோக்னர்செத்தெரனில் இறங்கினால் எதிரே காடு. நூர்மார்கா என்று பெயர். எங்கள் துருவம் அதுதான்.

முதுகா, இடுப்பா?

முதல் வருடம் நாங்களும் முதுகில்தான் சுமந்தோம். ஸ்கீயில் நிற்கும்போது 20 கிலோ பை முதுகில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் முகத்தால் கற்றுக்கொண்டேன். சின்ன இறக்கத்தில் பை ஒரு பக்கம் சாய்ந்தது, நான் அதே பக்கம் போனேன். பனிக்குள் தலைகுப்புற விழுந்தவளை அந்தப் பை எழுந்திருக்க விடவில்லை. ஆமையைக் கவிழ்த்துப் போட்டது மாதிரி கிடந்தேன். என் கணவர் வந்து பையைக் கழற்றிய பிறகுதான் எழுந்தேன்.

வண்டியில் கணக்கே வேறு. நன்றாக அழுத்தப்பட்ட பனியில், சமதரையில், 40 கிலோ வண்டியை நகர்த்த இரண்டு மூன்று கிலோவைத் தூக்கும் அளவு விசை போதும். ஒரு காய்கறிப் பையின் கனம். ஆனால் ஏற்றம் வந்தால் கதை மாறிவிடும். ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையில், உரசலை விடுங்கள், எடை மட்டுமே ஏழு கிலோ அளவுக்குப் பின்னால் இழுக்கும். அதனால்தான் வண்டி இழுப்பவர்கள் குறுக்குவழியில் ஏறுவதில்லை. சுற்றி வளைத்து, மெதுவாக ஏறுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ரொம்பக் குளிர்ந்தால் பனி வழுக்கும் என்று நாம் நினைப்போம். நேர்மாறு. மைனஸ் 20-க்குக் கீழே போனால் பனித்துகள் மணல் மாதிரி ஆகிவிடும். மைனஸ் 5-ல் சுகமாக வந்த வண்டி, மைனஸ் 25-ல் கடற்கரை மணலில் இழுப்பது போலக் கனக்கும்.

வாங்குவதா, செய்வதா?

கடைகளில் நல்ல புல்க் வண்டிகள் கிடைக்கின்றன. கண்ணாடி இழையில் செய்தவை உறுதியானவை, விலையும் அதிகம். பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் செய்தவை கொஞ்சம் வளையும், ஆனால் பாறையில் இடித்தாலும் தாங்கும். கெவ்லார் வண்டிகள் பர்ஸைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். நீளம் 120 செ.மீ. முதல் 170 செ.மீ. வரை. ஓர் இரவு, இரண்டு இரவு என்றால் குட்டையானது போதும். வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு நீளமானது வேண்டும். அகலம் மட்டும் உங்கள் இரண்டு ஸ்கீக்களும் போடும் தடத்தைவிட ரொம்ப அதிகமாக இருக்கக் கூடாது. நீங்கள் அழுத்திய பாதையிலேயே வண்டியும் வந்தால் பாதி உழைப்பு மிச்சம்.

புது வண்டியின் விலையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த திருநெல்வேலிக்காரி விழித்துக்கொண்டாள். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்டிக் தொட்டி இங்கே எல்லா விளையாட்டுச் சாமான் கடையிலும் உண்டு. அதையே வண்டியாக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

உதவிக்கு வந்தவர் எதிர்வீட்டுத் தாத்தா. எழுபத்தைந்து வயது. என் மகள் அவரை 'பெஸ்டெஃபார்' என்றுதான் கூப்பிடுவாள். நார்வே மொழியில் தாத்தா. அவருடைய கார் ஷெட்டில் இல்லாத கருவி இல்லை. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்த முறை இது.

தொட்டியின் விளிம்பில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் துளை போட வேண்டும். அதில் சன்னக் கயிற்றைக் கோத்துக்கொண்டால், மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சாமானைக் கட்ட வசதி. அடியில் இரண்டு மெல்லிய அலுமினியப் பட்டைகளை நீளவாக்கில் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி பக்கவாட்டில் வழுக்கி, நம்மையும் கீழே இழுக்கும். போல்ட்டு போடும் இடத்தில் பெரிய வாஷர் கட்டாயம். குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுவதால், சின்ன வாஷர் துளையையே கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கம்புகள்தான் முக்கியம். வெறும் கயிறு கட்டி இழுத்தால் சமதரையில் சரி. இறக்கத்தில் வண்டி நம்மைவிட வேகமாக வந்து கணுக்காலில் இடிக்கும். கம்பு இருந்தால் வண்டியும் நாமும் எப்போதும் ஒரே தூரத்தில் இருப்போம். சுமார் இரண்டு மீட்டர் நீளம் வேண்டும். குறைந்தால் ஸ்கீயின் வால் வண்டியில் முட்டும். இரண்டு கம்புகளையும் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டினால், திருப்பத்தில் வண்டி தறிகெட்டுப் போகாமல் நம் தடத்திலேயே திரும்பும்.

நாங்கள் கம்புக்கு வயரிங் பைப் வாங்கி வந்திருந்தோம். தாத்தா அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். "இது உடையும். ஆனால் உடைவதற்குத் தயாராக இருந்தால் பரவாயில்லை" என்றார். பைப்புக்குள் கயிற்றை விட்டு, ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையை இடுப்பு பெல்ட்டின் கொக்கியிலும் கட்டச் சொன்னார். பைப் உடைந்தாலும் வண்டி நம்மை விட்டுப் போகாது. பின்னொரு நாள் ஓர் இறக்கத்தில் பைப் 'பட்'டென்று முறிந்தபோது, அந்த ஆறு மீட்டர் கயிறுதான் எங்கள் படுக்கையையும் கூடாரத்தையும் பள்ளத்தில் போகாமல் பிடித்து வைத்தது. அதன் பிறகு கண்ணாடி இழைக் கம்புக்கு மாறிவிட்டோம். கயிற்றை மட்டும் எடுக்கவில்லை.

இடுப்பு பெல்ட் பழைய ட்ரெக்கிங் பையிலிருந்து வெட்டி எடுத்தது. மேலே மூட ஒரு தார்ப்பாய். மொத்தச் செலவு, கடை வண்டியின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடம் முன்பு, பிப்ரவரி மாதம். மைனஸ் 11. மகளுக்கு அப்போது நான்கு வயது. வண்டியின் பின்பாதியில் சாமான், முன்பாதியில் அவள். கம்பளி, மேலே தார்ப்பாய், தலையில் குல்லா, கையில் கம்பளிக் கையுறை. அவளோடு சேர்த்து வண்டி 40 கிலோவுக்கு மேல். என் கணவர் முதுகில் சின்னப் பையோடு முன்னால் பாதை போட்டுக்கொண்டு போனார். நான் இழுத்தேன்.

அரை மணி நேரம் பாட்டு, சிரிப்பு, "அம்மா, வேகமா!" என்ற உத்தரவு. அப்புறம் ஓர் ஏற்றம் வந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். 'என்ன இதமான நாள்' என்றுகூட நினைத்தேன். பாட்டுச் சத்தம் நின்றிருந்தது. தூங்கிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். தாலாட்டிக்கொண்டே இழுக்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. பேசவில்லை. இடது கையில் கையுறை இல்லை. எங்கே விழுந்ததோ, எப்போது விழுந்ததோ. விரல் நுனிகள் இரண்டு மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன. தொட்டேன். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "இல்லைம்மா" என்றாள். வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தேய்க்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. பனியால் தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் இன்னும் ஆபத்து. உறைந்து மரத்த சதை கிழிந்துவிடும், சுட்டாலும் தெரியாது. என் கணவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள, நான் என் சட்டைக்குள் அவள் கையை விட்டு அக்குளில் வைத்துக்கொண்டேன். ஐஸ் குச்சியை வைத்தது போல இருந்தது. யாரும் பேசவில்லை. பத்து நிமிடமோ இருபது நிமிடமோ, தெரியாது. திடீரென்று அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். "எரியுதும்மா, எரியுது!" ரத்தம் திரும்ப ஓடும்போது அப்படித்தான் எரியும். என் வாழ்க்கையில் என் பிள்ளை அழுது நான் சந்தோஷப்பட்டது, அவள் பிறந்த நாளுக்குப் பிறகு அன்றுதான்.

கூடாரத்தை அவிழ்க்கவே இல்லை. திரும்பிவிட்டோம். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் சிவந்திருந்தன, அவ்வளவுதான்.

மறுநாள் தாத்தாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காபியை ஊற்றிக்கொடுத்துவிட்டு, "இழுக்கிறவருக்கு உடம்பு அடுப்பு மாதிரி. உட்கார்ந்திருப்பவருக்கு அடுப்பு அணைந்திருக்கிறது. உன் உடம்பை வைத்து அவள் குளிரை அளந்திருக்கிறாய்" என்றார். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், வண்டி இழுக்காத இடங்களிலும் நாம் செய்யும் தப்புதான் அது.

இப்போது எங்கள் வழக்கம்

குழந்தையைக் கூட்டிப்போகிறவர்களுக்காக, நாங்கள் கற்றதை எழுதிவிடுகிறேன்.

குழந்தைக்கு வீட்டில் செய்த வண்டி வேண்டாம். குழந்தைகளுக்கென்றே உள்ள புல்க்கில் காற்றுத் தடுப்பு, முதுகுக்கு ஆதாரம், பெல்ட் எல்லாம் இருக்கும். வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுக்கலாம், அக்கம்பக்கத்தில் இரவலும் கிடைக்கும். நாங்கள் செய்த வண்டி இப்போது சாமானுக்கு மட்டும்.

குழந்தையின் வண்டிக்குப் பின்னால் எப்போதும் பெரியவர் ஒருவர் வர வேண்டும். இழுப்பவருக்கு முதுகில் கண் கிடையாது. நான் மகளை இழுக்க, என் கணவர் சாமான் வண்டியோடு என் பின்னாலேயே வருவார். பெரிய இறக்கம் வந்தால் தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, குழந்தை வண்டியின் பின்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். அதுதான் பிரேக்.

குழந்தைக்கு அடியில் ஆட்டுத்தோலோ தடித்த பாயோ வேண்டும். பாதிக் குளிர் கீழேயிருந்துதான் ஏறும். கையுறையை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். இறுக்கமான பூட்ஸ் வேண்டாம்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். 'குளிருதா?' என்று கேட்டால் போதாது. தொட்டுப் பார்க்க வேண்டும். பிடரி, விரல்கள், பாதம். ஒவ்வொரு முறையும் இறக்கிவிட்டுக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். சின்னக் குழந்தை என்றால் மைனஸ் 10-க்குக் கீழே வெளியே வைத்திருப்பதில்லை என்பது இங்கே பல பெற்றோர்கள் வைத்திருக்கும் கணக்கு. காற்று அடித்தால் அதற்கு முன்பே வீடு திரும்ப வேண்டும்.

சாமான் வண்டியில் கனமானவை அடியில், நடுவிலிருந்து சற்றே பின்தள்ளி. மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளைச் சாப்பாட்டோடு வைக்காதீர்கள். கம்பளிக் கோட்டும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் தார்ப்பாயைத் திறந்ததும் கைக்கு வர வேண்டும். வரைபடம், திசைகாட்டி, தீப்பெட்டி, ஒரு ஜோடி உபரிக் கையுறை ஆகியவை வண்டியில் அல்ல, உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். வண்டி போய்விட்டாலும் அவை போகாது.

நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு நாடு முழுக்கப் பரப்பப்பட்டவை. இங்கே ஈஸ்டர் பயணத்தில் தவறாமல் பையில் இருக்கும் 'க்விக் லுன்ஷ்' சாக்லேட்டின் உறையில்கூட அவற்றை அச்சடித்திருப்பார்கள். எட்டாவது விதியைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும். நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அதன் பொருள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு எத்தனையோ தடவை அந்த உறையைப் பிரித்துச் சாக்லேட்டை மட்டும் தின்றிருக்கிறேன்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. சொந்த ஸ்கீ, சொந்தக் கால். இந்த ஈஸ்டருக்கு அவளுக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதே கார் ஷெட்டில், அதே தாத்தாவோடு சேர்ந்து ஒரு குட்டித் தொட்டியில் அவளே துளை போட்டுக் கயிறு கோத்தாள். அதில் இரண்டு ஆரஞ்சுப் பழம், ஒரு சாக்லேட், கம்பளி சுற்றிய ஒரு பொம்மை.

காட்டில் அவளுக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். குனிந்து பொம்மையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம், பனியை உருக்கி நாலு பேருக்குச் சாதம் வடிப்பது எப்படி என்று சொல்கிறேன். அதற்கு எவ்வளவு பனி வேண்டும் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள்.